தங்கச்சி, சாவி உன் இடுப்பில் இருக்கட்டும்!

ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் போன். இப்படித்தான் இதைப் படித்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். முதலில் அடுப்பை சிம்மில் வை. பிறகு படி.

எங்கள் பாட்டியின் இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து தொங்கும். நெல் அறை, பீரோ, பணப்பெட்டி எல்லாவற்றின் சாவியும் அதில்தான். கிணற்றடிக்குப் போனாலும் அது கூடவே போகும். இன்றைக்கு அந்தக் கொத்து முழுக்க உன் போனுக்குள் வந்துவிட்டது. வங்கிக் கணக்கு, ஆதார், கேஸ் புக்கிங், கரண்ட் பில், பிள்ளையின் பள்ளிக்கூடச் செய்தி, குலதெய்வக் கோயில் போட்டோ எல்லாம் அதற்குள்தான். பாட்டி சாவியை யார் கேட்டாலும் கொடுக்கமாட்டார். நீ யார் கேட்டாலும் கொடுத்துவிடுகிறாய். என் கோபம் அங்கேதான்.

போனே கெட்டது என்று சொல்கிறவள் இல்லை நான். கரண்ட் பில் கட்ட அம்மா மத்தியான வெயிலில் ஈ.பி. ஆபீஸ் வரிசையில் நின்றதைப் பார்த்து வளர்ந்தவள். இப்போது அந்த வேலை இரண்டு நிமிஷத்தில் முடிகிறது. மிச்சமான நேரம் பெண்களுக்குக் கிடைத்த வரம்தான். ஆனால் சாவி யார் கையில் இருக்கிறதோ, வீடு அவர்களுடையது. அதை மட்டும் மறக்காதே.

பணத்தின் சாவி

1. பின் நம்பர் பணம் போவதற்கு, வருவதற்கு இல்லை. யூபிஐ வந்தது 2016-ல். அன்றிலிருந்து இந்த விதி மாறவில்லை. உனக்குப் பணம் வர நீ எதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம், பின் போட வேண்டாம். பழைய கட்டிலை விற்க விளம்பரம் போடுகிறாய். வாங்க வருகிறவன் ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, “ஸ்கேன் பண்ணுங்க மேடம், பணம் ஏறிடும்” என்கிறான். ஏறாது, இறங்கும். போனை வை.

2. இட்லிக் கடையோ தையல் கடையோ வைத்திருக்கிறாயா? வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன் ஷாட்டை நம்பிப் பொருளைக் கொடுக்காதே. உன் ஸ்பீக்கர் பெட்டி சொல்லட்டும், அல்லது உன் போனில் வரவு தெரியட்டும். கேட்கக் கூச்சப்படாதே. காசு எண்ணி வாங்குவது மரியாதைக் குறைவு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் யாரும் சொன்னதில்லை.

3. வீடியோ காலில் யாரையும் கைது செய்ய முடியாது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி.

எங்கள் சித்திக்கு வயது அறுபத்திரண்டு. தனியாக இருக்கிறார். ஒரு நாள் காலை பத்து மணிக்கு போன். “உங்க ஆதார் நம்பர்ல ஒரு பார்சல் போயிருக்கு, உள்ளே போதைப்பொருள் இருக்கு” என்று ஒருவன் சொன்னான். அடுத்து வீடியோ கால். காக்கிச் சட்டை, பின்னால் கொடி, மேஜையில் ஃபைல்கள். “கேமராவை அணைச்சா உடனே வாரண்ட். யார்கிட்டயும் பேசக்கூடாது. உங்க பணத்தை எல்லாம் நாங்க சொல்ற கணக்குல போடுங்க, சரிபார்த்துட்டுத் திருப்பித் தருவோம்.” அடுப்பில் சாதம் அடிப்பிடித்து வீடெல்லாம் தீய்ந்த வாசனை. சித்தி எழுந்து அடுப்பை அணைக்கக்கூட அவனிடம் அனுமதி கேட்டிருக்கிறார். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண் கிண்ணத்தோடு உறை மோர் வாங்க வந்தாள். சித்தியின் முகத்தைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், பிடுங்கி அணைத்தாள். ஃபிக்ஸட் டெபாசிட் பிழைத்தது ஒரு கிண்ணம் மோரால்.

தெரிந்துகொள். ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று நம் நாட்டுச் சட்டத்தில் எதுவுமே கிடையாது. போலீஸோ சிபிஐயோ நீதிமன்றமோ வீடியோ காலில் விசாரித்துப் பணம் கேட்காது. பெண்ணைக் கைது செய்யவே தனி விதி இருக்கிறது. சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும், விதிவிலக்கான சூழல் தவிர, பெண்ணைக் கைது செய்யக்கூடாது. அப்படிச் செய்ய வேண்டி வந்தாலும் பெண் அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் முன்அனுமதி வாங்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இது இருந்தது, 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இருக்கிறது. நேரில் வரும் அதிகாரிக்கே இத்தனை கட்டுப்பாடு. போனில் வருகிறவனுக்கு நீ ஏன் நடுங்குகிறாய்?

“யாரிடமும் சொல்லாதே” என்று எவன் சொன்னாலும், உடனே யாரிடமாவது சொல். இது ஒன்றே போதும்.

4. கல்யாணப் பத்திரிகை ‘ஏபிகே’ என்று முடியும் ஃபைலாக வராது. அதைத் தொட்டால் போனுக்குள் திருடனுக்கு ஓர் அறை கொடுத்ததாக அர்த்தம். உன் எஸ்எம்எஸ், ஓடிபி எல்லாம் அவன் படிக்கலாம். பத்திரிகை வைக்க வேண்டியவர்கள் வெற்றிலை பாக்கோடு வீட்டுக்கு வருவார்கள், இல்லையென்றால் போட்டோவாக அனுப்புவார்கள். அதேபோல, நட்சத்திரக் குறியோடு ஏதோ எண்ணைச் சொல்லி “டயல் பண்ணுங்க” என்றாலும் செய்யாதே. உனக்கு வரும் அழைப்புகள் அவனுக்குத் திருப்பிவிடப்படும்.

5. ஏமாந்துவிட்டால் அழுவதற்கு முன் 1930-ஐ அழை. சைபர் குற்றத்துக்கான தேசிய உதவி எண் அது. திருடன் பணத்தை ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தள்ளுவதற்குள் அதை நிறுத்திவைக்கப் பார்ப்பார்கள். அதனால் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். அடுத்த அழைப்பு உன் வங்கிக்கு. ரிசர்வ் வங்கி 2017-ல் சொன்ன விதியைத் தெரிந்து வை. நீயே பின்னைக் கொடுத்து ஏமாந்திருந்தால், வங்கியிடம் சொல்லும்வரை போனது உன் நஷ்டம். சொன்ன பிறகும் போனால் அது வங்கியின் பொறுப்பு. “வீட்டுக்காரர் திட்டுவாரே” என்று நீ தயங்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குத்தான் லாபம். திட்டு வாங்கினால் ஆறிவிடும்.

6. ஐந்து நிமிஷக் கடன் ஆப் பக்கம் போகாதே. ஒழுங்கான டிஜிட்டல் கடன் எப்படி இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் சொல்லிவிட்டது. கடன் கொடுக்கும் ஆப் உன் போனில் இருக்கும் பெயர்ப் பட்டியலையும் போட்டோக்களையும் எடுக்கக்கூடாது. எடுக்க அனுமதி கேட்டாலே அது பொறி. பிறகு உன் படத்தை அசிங்கமாக ஒட்டி உன் மாமனாருக்கு அனுப்புவேன் என்று மிரட்டுவான். அவசரத்துக்குக் குழுக் கடன், கூட்டுறவு வங்கி நகைக் கடன் இருக்கின்றன. இரண்டு நாள் தாமதமானாலும் மானம் மிஞ்சும்.

சுதந்திரத்தின் சாவி

7. உன் கணக்குக்கு உன் நம்பர். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் ஏறியது. சந்தோஷம். இப்போது ஒரு கேள்வி. அந்த வரவு எஸ்எம்எஸ் யார் போனுக்கு வருகிறது? எங்கள் தெருவில் கேட்டுப் பார்த்தேன். பாதிப் பேருக்கு மகன் போனுக்கோ வீட்டுக்காரர் போனுக்கோ வருகிறது. “ஏறிடுச்சாங்க?” என்று தன் பணத்தைப் பற்றி இன்னொருவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பாஸ்புக்கும் ஆதாரும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போ. மொபைல் எண்ணை மாற்றும் படிவம் கேட்டு எழுதிக் கொடு. அரை நாள் வேலை. ஆயுளுக்கும் உதவும்.

8. அன்பு வேறு, பின் நம்பர் வேறு. “என்னிடம் மறைக்க என்ன இருக்கு?” என்று கேட்பார்கள். மறைக்க ஒன்றுமே இல்லாவிட்டாலும் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிறோம் இல்லையா? கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னார்கள். ஒரு பெண் இணையத்தில் என்ன செய்கிறாள் என்று ஓர் ஆண் கண்காணிப்பதை, பின்தொடர்தல் குற்றத்தில் சேர்த்திருக்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவு. வீட்டில் சண்டை போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. நீ கேட்பது சலுகை இல்லை என்று உனக்கே தெரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன். அதே மரியாதையை உன் மகளின் போனுக்கும், உன் வீட்டுக்காரர் போனுக்கும் நீ கொடு.

9. ஆதார் ஜெராக்ஸைத் துண்டுப்பிரசுரம் மாதிரி விநியோகிக்காதே. அடையாளம் காட்ட மட்டும் என்றால் மாஸ்க்டு ஆதார் போதும். அதில் கடைசி நான்கு எண்கள்தான் தெரியும். ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே எடுக்கலாம். முழு ஜெராக்ஸ் கொடுத்தே தீர வேண்டும் என்றால், எதற்காக, எந்தத் தேதியில் என்று அதன் மேலேயே குறுக்காக எழுதிக் கையெழுத்துப் போடு. கைரேகையைப் பூட்டிவைக்கவும் வசதி இருக்கிறது. ஒன்று மட்டும் ஞாபகம், ரேஷன் கடைக்குக் கிளம்புமுன் திறந்துவிடு. இல்லையென்றால் கைரேகை விழவில்லை என்று கடைக்காரரோடு சண்டை போடுவாய். சந்தேகம் இருந்தால் 1947-க்கு அழைத்துக் கேள்.

10. உன் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார். மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் தெரியும். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் அதிகபட்சம் ஒன்பது சிம் வரை இருக்கலாம். நீ வாங்காத நம்பர் அதில் இருந்தால் அங்கேயே புகார் கொடு. உன் பெயரில் எவனோ செய்யும் திருட்டுக்கு உன் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். போன் தொலைந்தாலும் அதே தளத்தில் போனை முடக்கலாம். அதற்கு ஐஎம்இஐ எண் வேண்டும். இப்போதே *#06# அழுத்து, வரும் எண்ணைக் குறித்து வை.

11. படத்தை வைத்து மிரட்டினால் பணம் கொடுக்காதே. ஒரு தடவை கொடுத்தால் வாரா வாரம் கேட்பான். செய்திகளை அழிக்காதே, அவைதான் சாட்சி. ஸ்கிரீன் ஷாட் எடு, 1930-க்குச் சொல், பேச ஆள் இல்லாவிட்டால் பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது. முக்கியமாக, தப்பு உன்னுடையது இல்லை. குற்றவாளி வெட்கப்படட்டும்.

சாமி அறையின் சாவி

12. பதினோரு பேருக்கு அனுப்பாவிட்டால் ஒன்றும் ஆகாது. நான் தினமும் விளக்கேற்றுகிறவள், செவ்வாய் வெள்ளி தவறாதவள். அந்த உரிமையில் சொல்கிறேன். “இதை அனுப்பாதவருக்குக் கெடுதல்” என்று எழுதியவன் பக்திமான் இல்லை. பயத்தை வைத்து வேலை வாங்குகிறவன். வீடியோ காலில் வந்த காக்கிச் சட்டைக்காரன் செய்ததும் இதேதான். பயம் காட்டுகிற எதையும் ஒரு இரவு ஆறப்போடு. காலையில் சாதாரணமாகத் தெரியும்.

13. இரட்டை அம்புக்குறியைப் பார்த்தால் கையை இழு. ஐந்து கைகளோ அதற்கு மேலோ மாறி வந்த செய்திக்கு வாட்ஸ்அப் அந்தக் குறியைப் போடுகிறது. 2020 முதல் அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டும்தான் அனுப்பவிடுகிறது. அந்தக் கம்பெனியே நிறுத்தப் பார்க்கிறது என்றால் நீ எதற்கு அவசரப்படுகிறாய்? அதுவும் இன்னொரு மதத்தைத் தாழ்த்தும் செய்தி என்றால் உன் கையோடு அது நிற்கட்டும். நாகூர் ஆண்டவருக்கும் வேளாங்கண்ணி மாதாவுக்கும் நேர்ந்துகொள்ளும் இந்துக் குடும்பங்கள் நம் ஊரில் எத்தனை! பாட்டி காலத்திலிருந்து வந்த அந்தப் பழக்கத்தை ஒரு ஃபார்வர்டுக்காகக் கெடுத்துக்கொள்ளாதே.

14. கோயிலுக்குள் போன் வேண்டாம். 2022 டிசம்பரில் திருச்செந்தூர் கோயில் வழக்கில், தமிழ்நாட்டுக் கோயில்கள் முழுவதிலும் செல்போனைத் தடை செய்யச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். சட்டம் இருக்கட்டும், உன் மனசைக் கேள். போன வருஷம் போன கோயிலில் சாமி என்ன அலங்காரத்தில் இருந்தார் என்று சொல்ல முடிகிறதா? போட்டோவைத் தேடாமல்? கண்ணால் பார்த்ததுதான் நிற்கும். டோக்கன் போட்டுப் போனைக் கொடு, அல்லது வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ.

அதற்காக, போனில் சாமி பார்ப்பதே தப்பு என்று யாராவது சொன்னால் கேட்காதே. இடுப்பெலும்பு முறிந்து மாமியார் படுக்கையில் இருந்த வருஷம், வைகுண்ட ஏகாதசி விடியற்காலையில் ஸ்ரீரங்கத்துப் பரமபத வாசல் திறப்பதை நேரலையில் காட்டினேன். கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு, தண்ணீர்ச் சொம்பில் போனைச் சாய்த்து வைத்தேன். பெருமாள் வெளியே வந்ததும் படுத்தபடியே கைகூப்பினார். கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. அன்றைக்கு அந்த போன்தான் எங்களுக்குக் கோபுர வாசல். போக முடியாதவர்களுக்கு இது பெரிய வழி. போக முடிகிறவர்கள் போய்ப் பார்க்க வேண்டும்.

15. காணிக்கைக்கும் ரசீது கேள். அன்னதானம், கும்பாபிஷேகம் என்று தனி ஆள் நம்பருக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பாதே. கோயில் அலுவலகத்தில் கேட்டு, கோயில் பெயரில் உள்ள கணக்குக்கு அனுப்பு. தோஷம் இருக்கிறது, பரிகாரத்துக்கு இத்தனை ஆயிரம் என்று ஆன்லைனில் ஆரம்பிப்பவரிடம் பேச்சை வளர்க்காதே. மனசு சங்கடப்பட்டால் பக்கத்துக் கோயிலில் ஒரு நெய்விளக்கு ஏற்று. போதும்.

வீட்டின் சாவி

16. சாப்பாட்டு வேளையில் போன்களுக்கு ஒரு தட்டு. எல்லோருடைய போனும் அந்த எவர்சில்வர் தட்டில், ஃபிரிட்ஜ் மேலே. உன்னுடையது முதலில் போகட்டும். நீ பார்த்துக்கொண்டே பிள்ளையை “வை” என்றால் எந்தப் பிள்ளையும் வைக்காது. குழந்தைக்கு ஊட்ட கார்ட்டூன் போடும் பழக்கத்தை ஆரம்பிக்காதே. ஆரம்பிப்பது ஒரு நாள், நிறுத்துவது ஒரு வருஷம்.

17. படுக்கையறையில் சார்ஜர் வேண்டாம். ஹாலில் போடு. எழுப்ப அலாரம் வேண்டும் என்பாய். கடையில் அலாரம் கடிகாரம் விற்கிறார்கள்.

18. ஒரு நோட்டு எழுதி வை. எந்த வங்கி, எந்தக் கிளை, எல்ஐசி பாலிசி எண், நகைக் கடன் ரசீது எங்கே, நாமினி யார். வீட்டுக்காரருக்கும் சேர்த்து எழுது. பின்னும் பாஸ்வேர்டும் மட்டும் எழுதாதே. திடீரென்று ஒருவர் இல்லாமல் போனால், மற்றவர் துக்கத்தோடு வங்கி வங்கியாக அலையக்கூடாது. அப்படி அலைந்தவர்களைப் பார்த்தவள் சொல்கிறேன். அமங்கலம் என்று தள்ளிப்போடாதே.

நேரமே இல்லை என்கிறாயா? இந்த ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் ஒதுக்கு. இவ்வளவுதான் வேலை:

• வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ ஆன் செய். நம்பரைத் திருடினாலும் கணக்கு எளிதில் போகாது.
• குழுவில் உன்னைச் சேர்க்கும் உரிமையை உனக்குத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடு.
• பின் நம்பர் பிறந்த வருஷமாகவோ 1234 ஆகவோ இருந்தால் மாற்று.
• ஆறு மாதமாகத் தொடாத ஆப்களை எடுத்துப் போடு.
• 1930, 181, வங்கி எண் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டு. போன் போனால் போனுக்குள் இருக்கும் நம்பரும் போய்விடும்.

எங்கள் சித்தி வீட்டு அடுப்புக்கு மேலே இப்போது அந்தச் சீட்டு ஒட்டியிருக்கிறது, காலண்டர் அட்டையின் பின்புறத்தில், அவர் கையெழுத்திலேயே. போன வாரம் மறுபடியும் ஒரு கால் வந்ததாம். “கையில மாவு, அப்புறம் கூப்பிடு” என்று சொல்லி வைத்துவிட்டாராம். பிறகு நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய் அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். கையோடு ஒரு கிண்ணம் உறை மோரும் கொண்டுபோயிருக்கிறார்.

போதும், குழம்பை இறக்கு. ஞாயிற்றுக்கிழமை மறக்காதே.